டீ கிளாஸும் விமான இறக்கையும்

போன மார்கழியில் காட்பாடி டீக்கடை ஒன்றில் தடித்த கண்ணாடி கிளாஸில் கொதிக்கக் கொதிக்க டீ ஊற்றினார்கள், 'டிக்' என்று ஒரு சத்தம், வெளிப்பக்கம் ஏற்கெனவே கீறல் இருந்த இடத்தில் கிளாஸ் விரிசல் விட்டுவிட்டது. சூடு உள்ளே, விரிசல் வெளியே!

காரணம் இதுதான். சட்டென்று சூடான உட்பக்கம் விரியப் பார்க்கிறது, வெளிப்பக்கம் இன்னும் குளிராக இருப்பதால் விட்டுக்கொடுக்காமல் பிடித்து வைக்கிறது. அந்தப் பிடியில் சூடான பக்கம் நெருக்கப்படுகிறது, குளிர்ந்த பக்கம் இழுக்கப்படுகிறது. நெருக்கினால் கீறல் மூடிக்கொள்ளும், இழுத்தால் வாய் பிளக்கும்.

விமானத்திலும் இதேதான் நடக்கிறது. ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் பறந்த கான்கார்டு என்ற பயணிகள் விமானத்தின் மூக்கு சுமார் 127 டிகிரி வரை சூடானது, விமானமே 15 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டது. எல்லாம் சேர்ந்து மெதுவாக நீண்டால் பெரிய தொல்லை இல்லை. வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டினாலும் காலையிலிருந்து மெல்லத்தானே ஏறுகிறது, இறக்கையின் வெளித்தகடும் அதைத் தாங்கும் உள்சட்டமும் அதோடு கூடவே சூடாகிவிடும். வேகமாகச் சூடேறும்போதுதான் சிக்கல்: வெளித்தகடு முந்திக்கொள்ள, உள்ளே எரிபொருளை ஒட்டியிருக்கும் சட்டங்கள் பின்தங்கிவிடுகின்றன. ஒரு மீட்டர் அலுமினியம் 100 டிகிரி சூடேறினால் 2.3 மில்லிமீட்டர் நீளும். நீளவே விடாமல் இறுக்கிப் பிடித்தால் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 16 கிலோ அழுத்தம் அதில் உருவாகும், விமான அலுமினியம் நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவில் ஏறக்குறைய பாதி இது! டைட்டானியம், அலுமினியம் விரிவதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் விரியும், ஆனால் வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துவதால் வெப்பநிலை வித்தியாசம் அதில் நெடுநேரம் நிற்கும்.

சரி, இறங்கும்போது? வேகம் குறைய வெளித்தகடுதான் முதலில் குளிர்கிறது, அதனால் எல்லாம் தலைகீழாக மாறி, இப்போது தகடு இழுபட, ஏறும்போது மூடியிருந்த விரிசல் திறக்கிறது. சூட்டில் நெருக்கப்பட்டபோது தகடு கொஞ்சம் நிரந்தரமாக நசுங்கியிருந்தால் இன்னும் மோசம், ஆறிய பிறகும் அந்த இழுவிசை போகாது. கண்ணாடி மாதிரி உலோகம் ஒரே அடியில் உடைவதில்லை, ஒவ்வொரு பயணத்திலும் விரிசல் முனை ஒரு துளி நகர்கிறது.

இறுக மூடிக்கிடக்கும் விரிசலுக்குள், விரிசலைக் காட்டிக்கொடுக்க மேலே பூசும் சோதனைச் சாயம் சரியாக இறங்காது, கண்ணுக்கும் தெரியாது. அதனால்தான் தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளின் துளைகளைச் சுற்றியும் உள்சட்டங்களிலும் சுழல் மின்னோட்டக் கருவியை (உலோகத்துக்குள் சின்னச் சின்ன மின்சுழல்களை உண்டாக்கி, அவை விரிசலில் தடைபடுவதைக் காட்டும் கருவி) வைத்துத் தேடுகிறார்கள்.