ஹார்ட் டிஸ்க் தன் பெயரை எங்கே வைத்திருக்கிறது?

"நேற்று வரை இருந்த டிஸ்க்கை இன்று கம்ப்யூட்டரில் காணோம். டிஸ்க்கின் அடியில் உள்ள போர்டை மாற்றியும் வரவில்லை, செத்துப்போச்சு என்கிறார் கடைக்காரர். உண்மையா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர். இருக்கலாம். ஆனால் சாவதும் காணாமல் போவதும் ஒன்றல்ல.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுவோம். கம்ப்யூட்டர் எழுந்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். அங்கே டிஸ்க்கின் பெயரும் கொள்ளளவும் சரியாகத் தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் பார்ட்டிஷனிலோ (டிஸ்க்கைப் பிரித்திருக்கும் பகுதிகள்) விண்டோஸிலோதான். 'இனிஷியலைஸ் செய்யவா?' (புது டிஸ்க்காகத் தயார் செய்யவா) என்று விண்டோஸ் கேட்டால் மட்டும் அவசரப்பட்டு சரி சொல்லிவிடாதீர்கள். பயாஸிலேயே இல்லையென்றால் டேட்டா போய்வரும் சாட்டா கேபிள், பவர் கேபிள், போர்ட் மூன்றையும் மாற்றிப் பாருங்கள். அண்மையில் மதர்போர்டிலேயே செருகும் எம்.2 எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத சிப் டிஸ்க்) ஏதாவது சேர்த்தீர்களா? பல மதர்போர்டுகளில் அந்த ஸ்லாட்டில் ஒன்றைச் செருகினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் தாமாகவே அணைந்துவிடும். கையேட்டில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

இத்தனையும் செய்தாயிற்று, டிஸ்க் சுழலும் சத்தமும் கேட்கிறது, ஆனால் ஆளைக் காணோம் என்றால்தான் கதை சுவாரசியமாகிறது.

ஹார்ட் டிஸ்க்கே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அடிப்பக்கம் தெரியும் போர்டில் புராசஸர், ரேம், கரண்ட் போனாலும் அழியாத சின்ன நினைவகமான ரோம் எல்லாம் உண்டு. ஆனால் அந்த ரோமில் இருப்பது மோட்டாரைச் சுழற்றி, வாசித்து எழுதும் முனையான ஹெட்டை, டேட்டா பதிந்திருக்கும் வட்டத் தட்டின் மேல் கொண்டுபோகும் அளவுக்கான புரோகிராம்தான். மிச்ச ஃபர்ம்வேர் (டிஸ்க்கை இயக்கும் புரோகிராம்), கெட்டுப்போன செக்டர்களின் பட்டியல், நடந்தவற்றைக் குறித்துவைக்கும் உள் பதிவேடு எல்லாம் எங்கே? அதே தட்டில், நம் கண்ணில் படவே படாத தனி டிராக்குகளில். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டியது மாதிரி.

ஆகவே கரண்ட் வந்ததும் தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று வேகத்தைப் பிடிக்கிறது. அந்தச் சுழற்சி கிளப்பும் காற்றில், தட்டுக்கு ஒருசில நானோமீட்டர் மேலே ஹெட் மிதக்கிறது. ரகசிய டிராக்கைத் தேடிப் பிடித்து, மிச்ச புரோகிராமை வாசித்து ரேமில் ஏற்றுகிறது. "நீ யார்?" என்று பயாஸ் கேட்பதற்கு அதன் பிறகுதான் ஒழுங்கான பதில் வரும். பாதி வழியில் சிக்கிய டிஸ்க், கொள்ளளவு 0 என்று உளறுவதும் உண்டு. ஹெட்டால் வாசிக்கவே முடியாவிட்டால் பின்வாங்கித் திரும்ப முயலும். நமக்குக் கேட்கும் 'டிக்... டிக்...' அதுதான். கேட்டவுடன் பவரை நிறுத்துங்கள். பழுதான ஹெட் ஒவ்வொரு முயற்சியிலும் தட்டைக் கீறக்கூடும்.

ஹெட்டும் தட்டும் நன்றாக இருந்தும் டிஸ்க் மறைந்த கதை ஒன்று உண்டு. 2009 ஜனவரியில் சீகேட் நிறுவனத்தின் பாரகுடா 7200.11 டிஸ்க்குகள் பலருக்கும் திடீரெனக் காணாமல் போயின. உள் பதிவேட்டின் கடைசி எல்லையை ஃபர்ம்வேரில் ஓர் எண் தள்ளி எழுதிவிட்டார்கள். கரண்ட் வரும் நேரத்தில் பதிவேட்டின் எண்ணிக்கை 320 போன்ற சில குறிப்பிட்ட எண்களில் நின்று, தொழிற்சாலைச் சோதனை விட்டுச்சென்ற ஒரு குறிப்பிட்ட தடமும் அந்த ரகசிய டிராக்குகளில் இருந்துவிட்டால், புரோகிராம் எல்லை தாண்டும். தப்பை அதுவே கண்டுபிடித்து, பாதுகாப்புக்காக அப்படியே உறைந்து நிற்கும். உள்ளே கோப்புகள் ஒரு பைட் குறையாமல் பத்திரம்!

இதைச் சில ஆர்வலர்கள் வீட்டிலேயே சரிசெய்தார்கள். போர்டின் திருகைத் தளர்த்தி, மோட்டார் தொடும் இடத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, சீரியல் ஒயர் வழியே டிஸ்க்குக்கு நேரடியாகக் கட்டளை கொடுத்தார்கள். அந்தக் கட்டளைகளைக் கம்பெனிகள் வெளியிடுவதில்லை. காசு கொடுத்து வாங்கியவனுக்கு அவற்றைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்பது என் கட்சி. மறைத்து வைப்பதால்தான் 'ஃப்ரீசரில் வை, வந்துடும்' போன்ற மூடநம்பிக்கைகள் பிழைக்கின்றன. ஃப்ரீசரிலிருந்து எடுத்த டிஸ்க்கில் வியர்க்கும் நீர், தட்டுக்கும் ஹெட்டுக்கும் எமன்.

சரி, வாசகரின் கடைக்காரருக்கு வருவோம். இன்றைய பெரும்பாலான டிஸ்க்குகளின் ரோமில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவுத்திருத்த எண்கள் இருக்கும். அதனால் ஒரே மாடல் போர்டாக இருந்தாலும், பழைய ரோமில் உள்ளதைப் புதியதற்கு மாற்றாமல் பொருத்தினால் பெரும்பாலும் பயனில்லை. அதை மாற்றினாரா என்று முதலில் கேளுங்கள்.