வெயில் ஊரில் அக்ரிலிக் நகம்: மோனோமரைக் கூட்டுவது தீர்வல்ல

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அக்ரிலிக் நகம் போடக் கற்றுக்கொள்பவர்கள் சித்திரை பிறந்ததும் சொல்லும் புகார் ஒன்றுதான்: "பீடை நகத்துல வைக்கிறதுக்குள்ள கல்லாயிடுது." பீட் என்பது மோனோமர் என்னும் திரவத்தில் நனைத்த பிரஷால் அக்ரிலிக் பவுடரைத் தொட்டு எடுக்கும் சின்ன உருண்டை. இந்தப் புகாருக்கு அவர்களாகவே ஒரு வழியும் கண்டுபிடித்து வைத்திருப்பார்கள். பிரஷில் மோனோமரைக் கூடுதலாக எடுத்தால் பீட் இளகும், பரப்ப நேரம் கிடைக்கும். அன்றைக்கு நகம் பளபளவென்றுதான் இருக்கும். ஓரிரு வாரத்தில் கியூட்டிகிள் (நகம் தொடங்கும் இடத்துத் தோல் விளிம்பு) ஓரம் தூக்கிக்கொள்ளும். அது பரவாயில்லை, சீவிவிட்டுத் திரும்பப் போடலாம். இறுகாத மோனோமர் பட்டுத் தோலில் பிடிக்கும் அலர்ஜியை அப்படிச் சரிசெய்ய முடியாது.

பவுடரில் பென்சாயில் பெராக்சைடு இருக்கிறது, மோனோமரில் அதைத் தூண்டிவிடும் அமீன் இருக்கிறது. இரண்டும் சேர்ந்ததும் எத்தில் மெத்தாக்ரிலேட் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு கெட்டியாகின்றன. லாம்ப் தேவையில்லை. ஒரு பீடில் இருக்கும் பவுடருக்கு ஏற்ற அளவு மோனோமர்தான் இறுகும். மிச்சம் அப்படியே உள்ளே தங்கி மெல்லக் கசியும், நகத்தையும் வலுவிழக்கச் செய்யும். ஒரு கம்பெனி பவுடருக்கு இன்னொரு கம்பெனி மோனோமரைக் கலக்கக் கூடாது என்பதும் இதனால்தான். பெராக்சைடின் அளவு பிராண்டுக்குப் பிராண்ட் வேறு.

பொதுவாக நல்ல கலவை என்பது ஒரு பங்கு பவுடருக்கு ஒன்றரைப் பங்கு மோனோமர். இரண்டு பங்கானால் ஈரம் அதிகம், ஒன்றுக்கு ஒன்றானால் வறட்சி. ஆனால் பிரஷ் நுனியில் இதை யாரும் அளந்து எடுக்க முடியாது, கண்தான் அளவு. பிரஷை மோனோமரில் அழுத்திக் காற்றுக் குமிழி போக விடுங்கள். கிண்ண விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் வழித்துவிட்டு, நுனியால் பவுடரில் சின்னக் கோடு இழுங்கள். பீட் திரண்டதும் பிரஷை அப்படியே இரண்டு விநாடி பிடித்துப் பாருங்கள். பவுடர் முழுக்க நனைந்து, மேற்பரப்பு வழவழப்பாக, சொட்டாமல் நிற்க வேண்டும். நகத்தில் வைத்தபின் உருண்டை மெதுவாக அமர்ந்து, பத்துப் பதினைந்து விநாடியில் லேசாகத் தட்டையாகும். வைத்த உடனே சுற்றிலும் ஒரு ஈர வளையம் தெரிந்தால் அது ஈரப் பீட், துடைத்தெறியுங்கள். மேலே பனி படிந்தாற்போல் வெண்மையாக, நெருநெருவென்று நின்றால் வறண்டது. அது நகத்தோடு ஒட்டாது, ஃபைல் செய்யும்போது குழி குழியாக வரும்.

நேராகக் கஸ்டமர் கையில் பழகாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் ஷீட்டில் வரிசையாக ஒரே அளவுப் பீட்களை வைத்துப் பாருங்கள். ஒரு வரி முழுக்க ஒரே மாதிரி அமரும்வரை டிப் (நகத்தில் ஒட்டும் பிளாஸ்டிக் நுனி) பக்கம் போக வேண்டாம். ஆரம்பத்துக்கு 8ஆம் எண் கோலின்ஸ்கி (விலங்கு முடியில் செய்த) பிரஷ் போதும். பெரிய பிரஷ் கூடுதல் மோனோமரைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

இனி வெயில். அக்ரிலிக்குக்கு வசதியான அறைச் சூடு 21 முதல் 24 டிகிரி. நம் ஊரில் கோடையில் தகரக் கூரை போட்ட பார்லருக்குள் 38 இருக்கும். சூடு 10 டிகிரி ஏறினால் வினை ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகும் என்பது வேதியியலின் பொதுக் கணக்கு. ஆகவே குறைக்க வேண்டியது அறையின் சூட்டை. ஏசி போடுங்கள், ஆனால் காற்று நேராக மேசையில் படக் கூடாது. தலைக்கு மேல் மின்விசிறி ஓடினால் கிண்ணத்திலும் பிரஷிலும் மோனோமர் ஆவியாகி, சரியாக எடுத்த பீடும் நகத்துக்குப் போவதற்குள் வறண்டுவிடும். கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றி, வேலை இல்லாத நேரம் மூடி வையுங்கள். பாட்டிலை ஜன்னலோரம் வைக்காதீர்கள். கரண்ட் போய்விட்டால் பெரிய பீடை விட்டுச் சின்னச் சின்னதாக எடுத்து வேலை செய்யுங்கள். அப்போதும் விகிதம் அதேதான்.

ஃபார்ம் (நகத்தை நீட்ட அதன் நுனிக்கு அடியில் வைக்கும் அச்சுத் தாள்) வைத்துச் செதுக்கும்போது முதல் பீட் நுனிக்கு, இரண்டாவது நகமும் நீட்டலும் சேரும் இடத்துக்கு. வலு வேண்டிய இடம் அது, மேடு அங்கேதான் அமைய வேண்டும். மூன்றாவது உளுந்தளவுதான், கியூட்டிகிளுக்கு 1 மில்லிமீட்டர் தள்ளி வைத்து மெலிதாக இழுத்துவிடுங்கள். பிரஷின் பின்முனையால் தட்டினால் 'டக்' என்று கேட்ட பிறகே ஃபைல். முழுதாக இறுக ஒரு நாளுக்கு மேல் ஆகும், அதனால் ஃபைல் செய்யும்போது உதிரும் புதுத் தூளில் வினையாகாத மோனோமர் மிச்சமிருக்கும். மணிக்கட்டில் படிந்த தூளைத் தட்டிவிடாமல் ஈரத்துணியால் துடையுங்கள். நீட்டல் நகப்படுக்கையின் பாதிக்கு மேல் போனால், கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்களுக்கு அது நெம்புகோலாகிச் சொந்த நகத்தையே பிளக்கும்.

கல்யாண வீட்டு வேலையில் மருதாணி ஒரு தனிச் சிக்கல். மருதாணிக்கு மேல் பூசும் தைலமும் தேங்காயெண்ணெயும் நகத்தில் தங்கினால் அக்ரிலிக் பிடிக்காது. சோப்புப் போட்டுக் கழுவி, 180 கிரிட் (சொரசொரப்பு எண்) ஃபைலால் மினுக்கை மட்டும் எடுத்து, நகத்தின் ஈரமும் எண்ணெயும் போக்கும் டீஹைட்ரேட்டர் பூசி, பிறகு அக்ரிலிக் பிடிக்க உதவும் பிரைமர். நகம் போட்டபின் மருதாணி வைத்தால் வெள்ளை நுனி ஆரஞ்சாகிவிடும், ஆச்சிமார் அதற்கு உங்களைத்தான் கேட்பார்கள்.

லேபிள் இல்லாத மலிவு மோனோமர் எத்தில் அல்லாமல் மெத்தில் மெத்தாக்ரிலேட்டாக இருக்கலாம். அமெரிக்காவில் 1970களிலேயே நகத்துக்கு அதை விற்பதை எதிர்த்து நடவடிக்கை எடுத்தார்கள். மூக்கைத் துளைக்கும் வாடை, கல் போன்ற கடினம், அரைமணி நேரம் அசிட்டோனில் ஊறியும் இளகாத பிடிவாதம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் சந்தேகப்படுங்கள். இடித்துக்கொண்டால் அது உடையாது, அடி நகத்தோடு பெயர்ந்து வரும்.

அலர்ஜி முதலில் நகத்தைச் சுற்றி அரிப்பாகவும் சிவப்பாகவும் வரும். தொட்ட கையால் தடவியதால் கண்ணிமையிலும் கழுத்திலும் வருவது உண்டு. ஒருமுறை பிடித்தால் பெரும்பாலும் வாழ்நாளுக்கும் இருக்கும். செயற்கைப் பல், எலும்பு சிமென்ட் ஆகியவையும் மெத்தாக்ரிலேட் வகைதான், எனவே பின்னால் மருத்துவரிடமும் சொல்ல வேண்டிவரும். லேடெக்ஸ் கையுறை இதற்குப் பயன்படாது. நைட்ரைல் போடுங்கள், அதிலும் மோனோமர் சில நிமிடங்களில் ஊடுருவும், நனைந்தால் உடனே மாற்றுங்கள். தூளுக்குப் போடும் மாஸ்க் ஆவியைத் தடுக்காது, அதற்குக் காற்றை வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் வேண்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையில் விளக்கேற்றிச் சாம்பிராணி போடுகிறவர்கள் மோனோமரையும் அசிட்டோனையும் முதலில் மூடி எடுத்து வையுங்கள். இரண்டின் ஆவியும் நம் ஊர்ச் சூட்டில் நெருப்புப் பிடிக்கும். நனைந்த டிஷ்யூவுக்கு மூடியுள்ள இரும்புத் தொட்டி. கிண்ணத்தில் மிஞ்சியதைப் பாட்டிலில் திரும்ப ஊற்றாதீர்கள். பவுடர் கலந்த மோனோமர் முழுப் பாட்டிலையும் கெடுத்துவிடும்.