வீக் ரெஃபரன்ஸ்: பற்றாச் சுட்டு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என்னிடம் பைதான் நிரல்மொழி படிக்கும் மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், லூப்புக்குள்ள நான் எதையும் சேர்க்கல, எதையும் எடுக்கல. அப்புறம் ஏன் 'செட் சேஞ்ச்டு சைஸ் டியூரிங் இட்டரேஷன்'னு வருது?" சுற்றிவரும்போதே திரளின் அளவு மாறிவிட்டது என்னும் பிழைச்செய்தி அது. லூப்பில், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் சுற்றில், அவள் ஒவ்வொன்றாகச் சுற்றிவந்தது ஒரு வீக்செட்: பொருள்களை (ஆப்ஜெக்ட்களை) வீக் ரெஃபரன்ஸாக மட்டும் வைத்திருக்கும் திரள். நோட்டில் வீக் ரெஃபரன்ஸுக்கு 'பலவீனமான குறிப்பு' என்று எழுதி வைத்திருந்தாள். குழப்பம் அந்தச் சொல்லிலேயே தொடங்கிவிட்டது.

'ரெஃபரன்ஸ்' லத்தீனிலிருந்து வந்தது. திரும்பக் கொண்டுசெல்வது என்பது அதன் வேர்ப்பொருள். 'வீக்' பழைய நார்ஸ் மொழிச் சொல். வலுவின்மையோடு வளைந்துகொடுப்பதையும் அது குறித்தது. 2001இல் வந்த பைதான் 2.1 இந்த வசதியைக் கொண்டுவந்தது.

முதுநகரில் உப்பனாற்றங்கரையில் நின்று "அதோ அந்தப் படகு" என்று விரல் நீட்டுகிறோம். விரல் நீட்டியதால் படகு கரையில் நிற்காது, நிறுத்துவது கயிறு. நிரல் ஒரு பொருளைச் சுட்டுவதே ரெஃபரன்ஸ். சாதாரண ரெஃபரன்ஸ் கயிறு, வீக் ரெஃபரன்ஸ் விரல். கடைசிக் கயிறும் அவிழ்ந்தால் சிபைத்தான் (பைதானை ஓட்டும் வழக்கமான மென்பொருள்) அந்தப் பொருளை அப்போதே நினைவகத்திலிருந்து விடுவித்துவிடும். ஒன்றையொன்று கட்டிக்கொண்டு வட்டமாகக் கிடப்பவை மட்டும் கார்பேஜ் கலெக்டர் (பயனற்ற பொருள்களைத் துப்புரவாக்கும் பகுதி) வரும்வரை காத்திருக்கும். விரலில் பலவீனம் ஏதுமில்லை, அது படகைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அ, இ, உ மூன்றையும் தொல்காப்பியம் 'சுட்டு' என்கிறது. 'அதோ'வில் நிற்பதும் அந்த அகரமே. ஆகவே என் தேர்வு 'பற்றாச் சுட்டு': பற்றாத சுட்டு. 'பற்றாக்குறை' நினைவுக்கு வருகிறதே என்று ஒரு நண்பர் தயங்கினார். 'வாடா மலர்' என்றால் வாடாத மலர்தானே, அந்த வாய்பாடுதான் இதுவும். வீக்செட்டைப் 'பற்றாத் திரள்' எனலாம்.

இனி அவள் பிழை. சுற்றிவரும்போதே பொருள் இறந்து திரள் சுருங்கும் சிக்கலைப் பைதான் முன்பே கவனித்து, நீக்கத்தைச் சுற்று முடியும்வரை தள்ளிப்போட ஏற்பாடு செய்தது. அவள் வைத்திருந்த பைதான் பதிப்பில் சேர்ப்பதற்கு அந்தக் காப்பு இல்லை. அவளுடைய கிளாஸின் (பொருள்களை வார்க்கும் அச்சின்) இனிட், அதாவது பொருள் உருவாகும்போது தானாக ஓடும் பகுதி, ஒவ்வொரு புதுப் பொருளையும் தானாகவே திரளில் பதிந்துகொண்டிருந்தது; லூப்புக்குள் அவள் அழைத்த ஃபங்ஷன் அப்படியொன்றை உருவாக்கியது. அவள் கையால் சேர்க்கவில்லை என்பது உண்மை. திரள் வளர்ந்ததும் உண்மை.

லூப்புக்கு முன்பே லிஸ்ட்டாக நகல் எடுக்கச் சொன்னேன். நகலில் இருப்பவை கயிறுகள். சுற்று முடியும்வரை எந்தப் பொருளும் நழுவாது, புதிதாகச் சேர்வது நகலைத் தொடாது. அந்தப் பதிப்பில் வேறொரு த்ரெட் (கூடவே ஓடும் இன்னொரு நிரலோட்டம்) சேர்க்கிறதென்றால் நகலெடுக்கும் நொடியிலேயே பிழை வரலாம். அங்கே சேர்ப்பதற்கும் நகலெடுப்பதற்கும் ஒரே லாக் (ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் விடும் பூட்டு) போடவேண்டும்.

நிரல் ஓடியது. ஆனால் வேலை முடிந்த பிறகும் ஒரு பொருள் மட்டும் சாகாமல் கிடந்தது. நகல் லிஸ்ட்டை அழித்தும் பயனில்லை. லூப் முடிந்தாலும் அதன் மாறி (வேரியபிள்) கடைசிப் பொருளைக் கட்டிக்கொண்டேயிருக்கும். அந்தக் கயிற்றையும் 'டெல்' கட்டளை போட்டு அவிழ்த்தாள். திரளின் நீளம் சுழியமானது.