டிஸ்க்கைத் திட்டும் முன் பக்கெட்டைப் பாருங்கள்

இந்த வாரமும் ஒருவர் எம்ஆர்ஐ படத்தை மேசையில் வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர். "சாரே, எனக்க டிஸ்க்கு வெலகிப் போச்சு. இனி வெட்டுக்குப் போவாண்டாம்னு எல்லாரும் சொல்லுறாவ." டிஸ்க் என்றால் முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டு.

வலி எங்கே என்றேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, இடது பக்கம் மட்டும் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். காலுக்கு இறங்கவில்லை, மரத்துப்போகவும் இல்லை. படுக்கையில் புரண்டாலும் தும்மினாலும்தான் உயிர் போகிறதாம். பால் பக்கெட்டை எந்தக் கையில் தூக்குவீர்கள்? வலது கையில். என்றைக்கும் வலதுதான்.

அவர் கை வைத்த இடத்தில், ஆழத்தில், குவாட்ரேட்டஸ் லம்போரம் என்ற தசை இருக்கிறது, பக்கத்துக்கு ஒன்று. வலது கையில் கனம் தூக்கும்போது உடம்பு அந்தப் பக்கம் சாய்ந்துவிடாமல் இழுத்துப் பிடிப்பது இடப்பக்கத் தசை. கனம் ஒரு பக்கம், வலி மறுபக்கம். இதற்கு ஸ்கேன் தேவையில்லை, தொட்டுப் பார்த்தாலே பாதி தெரியும். அந்த வலி புட்டம் வரைக்கும் பரவலாம்.

"அப்போ படத்தில் டிஸ்க் பிதுங்கியிருக்கே?" இருக்கும். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைப் பற்றிய ஆய்வுகளை 2015-ல் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதில் 30 சதவீதம் பேருக்கும், 50 வயதில் 60 சதவீதம் பேருக்கும், 80 வயதில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. வலி இல்லாதவர்களுக்கு! நரை மாதிரிதான் அதுவும். ரிப்போர்ட் எழுதுபவர் படத்தில் கண்டதை எழுதுகிறார். நீங்கள் பக்கெட் தூக்குவதை அவர் பார்த்ததில்லை. அப்புறம், டிஸ்க் முதுகெலும்புகளோடு இறுகப் பிணைந்தது. அதை மிதித்தோ தடவியோ யாரும் 'உள்ளே தள்ளி' விட முடியாது. தயவுசெய்து முதுகில் ஆளை ஏற்றாதீர்கள்.

தசை ஒன்றே காரணம் என்று நானும் சத்தியம் செய்ய மாட்டேன். இடுப்புவலியில் பெரும்பாலும் இன்ன இடம் என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பாரம் எப்படித் தூக்குகிறோம் என்பதை மாற்றுவது நம் கையில் இருக்கிறது.

ஒரு பெரிய பக்கெட்டுக்குப் பதில் இரண்டு சிறியவை, இரண்டு கையிலும். முடியாவிட்டால் பாதி வழியில் கை மாற்றுங்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். வலி பொறுக்கும் அளவுக்கு நடங்கள். வாரக்கணக்கில் கட்டிலில் கிடந்தால் தசை இன்னும் பலவீனமாகும். இடுப்பு பெல்ட்டைத் தூங்கும்போதும் கட்டிக்கொண்டிருப்பவர்களே, கழற்றுங்கள். வலி தணிந்ததும் பக்கவாட்டுத் தசைகளுக்கான பயிற்சியைக் கேட்டுக் கற்றுக்கொண்டு விடாமல் செய்யுங்கள்.

ஒன்று மட்டும் அலட்சியம் வேண்டாம். அதே இடத்துக்கு உள்ளேதான் சிறுநீரகமும் இருக்கிறது. எப்படிப் படுத்தாலும் அடங்காமல் விட்டுவிட்டு இழுக்கும் வலி, சிறுநீரில் ரத்தம், காய்ச்சல் இருந்தால் அது தசை இல்லை. கால் வலுவிழந்தாலோ, மலம் கழிக்கும் இடத்தைச் சுற்றி உணர்ச்சி போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தன்னை அறியாமல் சிறுநீர் போனாலோ என்னிடமும் வரவேண்டாம், தடவல் வைத்தியத்துக்கும் போகவேண்டாம். அந்த நிமிடமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.