எடை குறைகிறது, தூக்கம் ஏன் வரவில்லை?

"டாக்டர், 18 கிலோ குறைஞ்சிருக்கு. ஆனா ராத்திரி தூக்கமே இல்லை. ஒரு தூக்க மாத்திரை எழுதிக் கொடுங்களேன்."

எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் இதை அடிக்கடி கேட்கிறேன். உடனே எழுதித் தருவதில்லை. அறுவை முடிந்து எத்தனை வாரம், படுத்ததும் தூக்கம் வரவில்லையா, நடுவில் விழிப்பா என்று கேட்பேன். பாதி விடை அதிலேயே வந்துவிடும்.

முதல் ஒன்றிரண்டு வாரம் என்றால் பெரும்பாலும் பயமில்லை. லேப்ராஸ்கோப்பி என்னும் சிறுதுளை அறுவைக்காக வயிற்றுக்குள் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு சில நாள் உதரவிதானத்தை உறுத்தும், வலி தோள்பட்டையில் தெரியும். குப்புறப் படுத்தே பழகியவருக்கு மல்லாந்து படுப்பது வேறு தண்டனை. தலைப்பக்கத்தை உயர்த்திக்கொண்டு, பகலில் கொஞ்சம் நடந்தால் படிப்படியாகச் சரியாகும். ஆனால் நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டினாலோ, காய்ச்சல், மூச்சு வாங்குதல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கம் என எது இருந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் அறுவை செய்தவர்களுக்கு எதுக்களிப்பு இன்னொரு தொல்லை. இரைப்பை குறுகிய குழாயாகிவிடுவதால் உள்ளே அழுத்தம் கூடுகிறது. படுத்ததும் அமிலம் தொண்டைவரை வரும். கடைசிச் சாப்பாட்டைப் படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே முடித்துவிடுவது நல்லது. பகலில் குடிக்காத தண்ணீரை இரவில் குடித்துவிட்டு, நான்கு முறை எழுந்து போகிறவர்களும் உண்டு. அதற்கு மருந்து தேவையில்லை, நேரத்தை மாற்றினால் போதும்.

பல மாதம் கழித்து வரும் தூக்கமின்மைதான் என்னை யோசிக்க வைக்கும். படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்வது போல இருக்கிறது, ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது, எழுந்து நடந்தால் அடங்குகிறது என்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் அதை மனக்கவலை என்று சொல்லியிருப்பார்கள். இரும்புச்சத்து குறைந்தாலும் கால் இப்படிப் படுத்தும். அதனால் நான் முதலில் பார்ப்பது, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவை. இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைக்கும் பைபாஸ் அறுவையில், இரும்புச்சத்தை அதிகம் உறிஞ்சும் முன்சிறுகுடலை உணவு தொடாமலே போய்விடுகிறது. ஸ்லீவிலும் அமிலம் குறைவதால் உறிஞ்சுதல் குறையும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே ஃபெரிட்டின் இறங்கியிருக்கலாம். அதனால் ரத்தசோகை இல்லை என்ற ஒரு வரியோடு நான் நிறுத்திக்கொள்வதில்லை. "மாத்திரை போடுறேனே" என்பார்கள். விசாரித்தால் இரும்பு, கால்சியம் இரண்டையும் ஒரே வாயில் போட்டு விழுங்கியிருப்பார்கள். நடுவில் 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

சரி, தூக்க மாத்திரை கொடுக்க ஏன் இவ்வளவு தயக்கம்? உடல்பருமன் உள்ள பலருக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு இருக்கும். எடை குறைந்தால் அது தணியும், ஆனால் எல்லோருக்கும் முழுக்கப் போய்விடாது. அந்த நிலையில் சில தூக்க மாத்திரைகள் மூச்சை இன்னும் மந்தமாக்கும்.

ஒருவர் குறட்டை குறைந்துவிட்டது என்று தூக்கத்தில் மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் சிபாப் இயந்திரத்தைத் தானாகவே பரணில் ஏற்றிவிட்டார். அப்புறம் காலையில் தலைவலி, பகலெல்லாம் அசதி. துருவிக் கேட்டதும்தான் உண்மையான காரணத்தைச் சொன்னார். முகம் மெலிந்ததால் மாஸ்க் தளர்ந்து, ராத்திரி முழுக்கக் கண்ணில் காற்றடித்திருக்கிறது. மறுபடி தூக்கப் பரிசோதனை செய்து பார்த்தோம். கோளாறு குறைந்திருந்தது, போகவில்லை. இயந்திரத்தின் காற்றழுத்தத்தைக் குறைத்து, சின்ன மாஸ்க் மாற்றிக் கொடுத்தோம். அடுத்த முறை வந்தபோது அவர் மாத்திரை கேட்கவில்லை.