ஐந்து கிலோ இருந்தால் பார்மா ஆகிவிடாது

பார்மா என்று நம்பி வேறு வாலபியை வாங்கிக்கொண்டு என்னிடம் வருபவர்களில், இந்த வருடத்தில் இது மூன்றாவது. (வாலபி என்பது கங்காருவின் சின்ன உறவு. பார்மா அதில் ஒரு குட்டி இனம்.) போன வாரம் ஒரு கணவனும் மனைவியும் சாக்குப்பையோடு கிளினிக்குக்கு வந்தார்கள். (வாலபியை இருட்டான பையில் கொண்டுவருவதுதான் சரி. அதில் குறை சொல்ல மாட்டேன்.) "பார்மா வாலபி டாக்டர், அரிய வகை, இரண்டு வயதுப் பெட்டை" என்று விற்றவர் எழுதிக்கொடுத்த தாளை நீட்டினார் கணவர். பையைத் தராசில் தொங்கவிட்டேன். 5 கிலோ 200. பையின் வாயை விலக்கினால் கன்னங்கரிய மூக்கு. பாதங்களும் மையில் தோய்த்தெடுத்த மாதிரி கறுப்பு. கடைவாய்ப் பற்களில் பாதி இன்னும் முளைக்கவே இல்லை. ஒரு வயதை ஒட்டிய பென்னட் வாலபி, பார்மாவைவிடப் பெரிதாக வளரும் வேறு இனம்.

சொன்னதும் அந்த அம்மா கேட்டார்: "இதற்கு மேல் வளராமல் இருக்க ஊசி ஏதாவது இருக்கிறதா?"

நான் ஜெர்மனியில் கால்நடை மருத்துவர். நாய், பூனை தவிர்த்த மற்ற பிராணிகள்தான் என்னிடம் வரும். அதனால் இதைத் தலையில் அடித்துக்கொண்டே எழுதுகிறேன்: சிறியதாக இருக்கும் வாலபியெல்லாம் பார்மா அல்ல. எல்லா வாலபியும் ஒரு காலத்தில் சிறியதாகத்தான் இருந்தது! பார்மா முழுதாக வளர்ந்தாலும் 6 கிலோவைத் தாண்டாது. பென்னட்டில் பெட்டையே 12, 14 கிலோ வரும். ஆண் 20 கிலோவைக்கூடத் தாண்டும். இடையில் அதுவும் 5 கிலோவைக் கடந்துதானே ஆக வேண்டும்? அந்த நேரத்தில்தான் விற்கிறார்கள்.

"முகத்தில் வெள்ளைக்கோடு இருக்கிறதே" என்பார்கள். பென்னட்டுக்கும் மேலுதட்டை ஒட்டி வெளிறிய கோடு உண்டு. அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். பார்மாவுக்குத் தொண்டையும் மார்பும் வெள்ளை. கழுத்திலிருந்து முதுகின் நடுவே ஒரு கருங்கோடு இறங்கி, பாதி முதுகில் மங்கிப்போகும். வால் நுனி வெள்ளையாக இருக்கும், ஆனால் ஏறக்குறைய பாதிப் பார்மாக்களுக்குத்தான். அது இல்லை என்பதற்காகவும் தள்ளிவிட முடியாது. பென்னட் என்றால் கழுத்திலும் தோளிலும் செம்பழுப்பு, மூக்கிலும் பாதங்களிலும் கறுப்பு. அப்புறம், அந்த 'அபூர்வ வெள்ளை வாலபி'? நான் பார்த்தவை எல்லாம் பென்னட்தான்.

விவரம் தெரிந்தவர்களே ஏமாந்த இனம் இது. ஆஸ்திரேலியாவில் பார்மா பூண்டோடு அழிந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். நியூசிலாந்தின் கவாவ் தீவில் அந்நாட்டின் முன்னாள் ஆளுநர் சர் ஜார்ஜ் கிரே 1870 வாக்கில் கொண்டுபோய் விட்ட வாலபிகளில் இதுவும் இருந்தது. டாமர் என்ற வேறொரு வாலபியோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டு, தொல்லை என்று கொன்றும் வந்தார்கள். பார்மா என்று தெரிந்தது 1965இல். உடனே பிடித்து உலகம் முழுக்க உயிரியல் பூங்காக்களுக்கு அனுப்பினார்கள். இரண்டு வருடம் கழித்து ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் காட்டிலேயே பார்மா இருப்பது தெரியவந்தது வேறு கதை. பென்னட்டோ பிரான்சின் ராம்பூயே காட்டிலும், பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள 'ஐல் ஆஃப் மேன்' தீவிலும் தப்பிப்போய்க் குடும்பம் நடத்தும் முரட்டு ஜாதி. இதில் அரியது எது என்று நீங்களே சொல்லுங்கள்.

பெயர் தப்பானால் எல்லாமே தப்பும். 5 கிலோ பிராணிக்கென்று கட்டிய அடைப்பில் 14 கிலோ நிற்கும். எந்தத் தாய், எந்தத் தகப்பன் என்று தெரியாத பிராணியை எந்தப் பூங்காவும் வம்சப் பதிவேட்டில் சேர்க்காது. "வேண்டாமென்றால் பூங்காவுக்குக் கொடுத்துவிடலாம்" என்ற நினைப்பை விட்டுவிடுங்கள்.

சரி, வாங்கியாகிவிட்டது. வைக்கோல் பரணில் பூனை படுக்க விடாதீர்கள். பூனை மலத்தில் வரும் டாக்ஸோபிளாஸ்மா கிருமி வாலபியைச் சாய்த்துவிடும். நேற்று சாப்பிடவில்லை, இன்று செத்துக் கிடக்கிறது என்று போன் வந்தால் நான் முதலில் கேட்பது பூனையைத்தான். முள்ளும் சுணையும் உள்ள தீனி வேண்டாம், வாய்ப்புண் வழியாகத் தாடையில் சீழ் வைக்கும். சாணியும் சகதியுமான தரையில் தீனி போட்டால் இன்னும் சீக்கிரம் வரும். அதைக் குணப்படுத்துவது எனக்கும் நரகம், வாலபிக்கும் நரகம். தாடையில் வீக்கம் தெரிந்த அன்றே கூட்டிவாருங்கள், ஒரு வாரம் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். நாயை விட்டுத் துரத்திப் பிடிக்காதீர்கள். பயத்தில் தாய் பைக்குட்டியைக் கீழே போட்டுவிடும். ஓடின ஓட்டத்தில் தசை சிதைந்து இரண்டு நாள் கழித்துச் சாகும். கீழே விழுந்த குட்டிக்குத் தயவுசெய்து பசும்பால் புகட்டாதீர்கள். அதன் உடம்புக்கு அந்தச் சர்க்கரை ஒத்துக்கொள்ளாமல் கண்ணில் புரை விழும்.

வாங்குவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் நாலு படம் காட்டுங்கள்: முகம் பக்கவாட்டில், முதுகு மேலிருந்து, தொண்டை, பாதம். எனக்கு அனுப்பினாலும் சரி, காசு வாங்க மாட்டேன்.

ஜனவரியில் முதலாவதாக வந்த 'பார்மா' இப்போது 9 கிலோ. நேற்று அதன் சொந்தக்காரர் போன் செய்தார். துணைக்கு ஓர் ஆண் பார்த்து வைத்திருக்கிறாராம். தாளில் பார்மா என்று தெளிவாக எழுதியிருக்கிறதாம்.