பச்சை விழுந்தால் பதினான்கு கார்

சிங்கப்பூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் பத்தாவது மாடித் தாழ்வாரத்தில் நின்றால் கீழே உள்ள சாலைச் சந்திப்பு முழுதாகத் தெரியும். ஒரு வாரம், காலை ஏழே காலுக்குக் கோப்பியும் கையுமாக நின்று எண்ணிப் பார்த்தேன். விரைவுச்சாலைக்குப் போகும் பக்கம் பச்சை எரிவது 30 விநாடி. அதற்குள் ஒரு தடத்தில் கடந்து போகிற கார்கள் 14. சில நாள் 13. முன்னால் நிற்பவர் கைப்பேசியில் மூழ்கியிருந்தால் 12. பதினைந்தைத் தாண்டி ஒருமுறையும் பார்க்கவில்லை.

இந்த 14 எங்கிருந்து வருகிறது? பச்சை விழுந்ததும் முதல் ஓட்டுநர் அதைக் கண்டு, பிரேக்கை விட்டு, நகர்வதற்குள் ஏறக்குறைய 2 விநாடி போய்விடும். அதன்பின் கார்கள் ஏறக்குறைய 2 விநாடிக்கு ஒன்றாகக் கோட்டைக் கடக்கும். விலை உயர்ந்த கார் என்றாலும் இதில் பெரிய மாற்றமில்லை. முன்னால் போகிறவருக்கும் நமக்கும் இடையே மனிதர்கள் விடும் இடைவெளி அது. மிச்சமிருக்கும் 28 விநாடியை இரண்டால் வகுத்தால் 14. நாள் முழுக்கப் பச்சையே எரிந்தால் ஒரு தடத்தில் மணிக்கு 1,800 கார் போகலாம். ஆனால் எங்கள் சிக்னலின் ஒரு சுற்று 120 விநாடி. மணிக்கு 30 சுற்று, சுற்றுக்கு 14. ஆக 420. தார் சாலையைப் பார்த்தால் அகலமாகத்தான் தெரிகிறது. ஆனால் அதன் கொள்ளளவைத் தீர்மானிப்பது அந்தச் சந்திப்பு. புட்டி எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன, கழுத்து வழியாகத்தானே தண்ணீர் வர வேண்டும்!

எங்கள் வட்டாரத்தில் பிடிஓ எனப்படும் அரசு அடுக்குமாடி புளோக்குகள் புதிதாக மூன்று எழும்பிய பிறகு கீழ்த்தளத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். அதிகாரி ஒருவர் வரைபடத்தோடு வந்திருந்தார். எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: “போன வருஷம் அஞ்சு நிமிஷத்துல வெளிய போனோம். இப்ப இருபது நிமிஷம். அப்படி எத்தனை கார் கூடிருச்சு?” அதிகாரி சொன்ன எண்ணிக்கை மிகச் சிறியது. கூட்டத்தில் யாரும் நம்பவில்லை. எனக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் அவர் சொன்னது சரியாக இருக்கலாம் என்று புரிந்தது.

புரோட்டாக் கடையை வைத்துச் சொல்கிறேன். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை காலை. கல்லில் நிற்பவர் சராசரியாக நிமிடத்துக்கு ஒரு வாடிக்கையாளரை அனுப்புகிறார், அதாவது மணிக்கு 60 பேர். மணிக்கு 48 பேர் வந்தால், அவர்கள் தாறுமாறான நேரங்களில் வருவதால், வரிசையில் சராசரிக் காத்திருப்பு 4 நிமிடம். 54 பேர் வந்தால் 9 நிமிடம். 57 பேர் வந்தால் 19 நிமிடம். கவனியுங்கள்: 54-இலிருந்து 57 ஆக மூன்றே மூன்று பேர்தான் கூடினார்கள், காத்திருப்போ இரு மடங்குக்கு மேல். கொள்ளளவின் விளிம்பை நெருங்கும்போது ஒரு சின்னக் கூட்டத்தைக்கூட கரைக்க மிச்ச நேரம் இருப்பதில்லை. ஒரு வரிசை கரைவதற்குள் அடுத்தது சேர்ந்துவிடுகிறது. சிக்னலுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்றாலும் வளைகோட்டின் வடிவம் அதேதான்: வெகு தூரம் தட்டையாகப் போய், கடைசியில் செங்குத்தாக ஏறும். எங்கள் தடத்தில் 360 கார் வந்துகொண்டிருந்த இடத்தில் 400 வந்தால் போதும். அந்தக் கூடுதல் 40 கார்கள் இரண்டு வரிசை கார்ப்பேட்டையைக்கூட நிரப்பாது.

ஆக அதிகாரியின் எண்ணும் உண்மை, அக்கம்பக்கத்தாரின் இருபது நிமிடமும் உண்மை. ஒருவர் கார்களை எண்ணுகிறார், மற்றவர் நிமிடங்களை எண்ணுகிறார்.

சரி, அந்த எண்கள் அதிகாரிகளுக்கு எப்படிக் கிடைக்கின்றன? சந்திப்புக்குப் போனால் நிறுத்தக் கோட்டுக்கு அருகே தாரில் அறுத்து மூடிய செவ்வகத் தடயம் தெரியும். அதற்குள் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் மெல்லிய மாறுமின்சாரம் ஓடுகிறது. காரின் உலோக உடல் மேலே வந்ததும் சுருளின் காந்தப்புலம் கலைந்து, மின்தூண்டல் சற்றுக் குறைகிறது. ஓரத்துப் பெட்டியில் உள்ள கருவி அந்த மாற்றத்தைப் பார்த்து ‘வண்டி வந்துவிட்டது’ என்று பதிந்துகொள்கிறது. சைக்கிளில் உலோகம் குறைவு என்பதால் சில நேரம் அதைக் கண்டுகொள்வதில்லை. இந்தத் தகவல்களை வைத்து, கிளைட் என்ற கணினி முறை தீவு முழுக்க எந்தப் பக்கத்துக்கு எத்தனை விநாடிப் பச்சை என்று பிரித்துக் கொடுக்கிறது. ஆனால் இருக்கிற நேரத்தைப் பிரிக்கத்தான் அதற்குத் தெரியும், புதிதாக நேரத்தை உண்டாக்க முடியாது. எங்களுக்கு ஒரு விநாடி கூடினால் குறுக்குச் சாலைக்காரருக்கு ஒரு விநாடி குறையும்.

கணினி இன்றைக்கு நடப்பதைத்தான் பார்க்கும். பத்து ஆண்டு கழித்து என்ன ஆகும் என்பதற்குத் திட்டமிடுபவர்கள் வேறொரு கணக்குப் போடுகிறார்கள். ஒரு வட்டாரத்திலிருந்து எத்தனை பயணங்கள் கிளம்பும், அவை எங்கே போகும், பேருந்தா ரயிலா காரா, எந்த வழியாக. இந்த நான்கு கேள்விகளுக்கும் வீடுகளில் எடுக்கும் கருத்தாய்வுகளிலிருந்து விடை தேடுகிறார்கள். இதில் மூன்றாவது கேள்வியில்தான் கால் இடறுகிறது என்பது என் எண்ணம். தெங்கா என்ற புதிய குடியிருப்பு நகரை எடுத்துக்கொள்ளுங்கள். நகர மையத்தில் கார்களே தெரியாதபடி சாலையைத் தரைக்குக் கீழே கொண்டுபோகும் திட்டம் அது, அழகான யோசனை. ஆனால் ஜூரோங் வட்டார ரயில் பாதை தயாராவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 2023-இல், மக்கள் குடியேறத் தொடங்கிவிட்டார்கள். ரயில் இல்லாத காலத்தில் பள்ளிக்கும் வேலைக்கும் அலைய முடியாமல் ஒரு குடும்பம் கார் வாங்குகிறது என்று வையுங்கள். கார் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழான சிஓஇ 10 ஆண்டுக்கு. அவ்வளவு காசு கொடுத்து வாங்கியதை, ரயில் வந்துவிட்டது என்பதற்காக யார் விட்டுக்கொடுப்பார்கள்?

கூட்டத்தில் எங்கள் மாடி அங்கிள் ஒருவர் எழுந்து, “ரோட்ட அகலமாக்குங்க, வேலை முடிஞ்சது” என்றார். பலத்த கைதட்டல். நானும் தட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த மருந்தைப் பற்றி ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக எச்சரித்து வருகிறார்கள். நெரிசல் நேரத்தில் விரைவுச்சாலையை எவ்வளவு பெருக்கினாலும் அது மறுபடி நிரம்பிவிடும் என்று அமெரிக்கப் பொருளியலாளர் ஆன்டனி டவுன்ஸ் 1962-இலேயே எழுதினார். காரணம் எளிது. நெரிசலுக்குப் பயந்து ஆறரைக்கே கிளம்பியவர் ஏழரைக்கு மாறுவார். வேறு வழியாகச் சுற்றிப் போனவர் திரும்பி வருவார். ரயிலில் போனவர் காரை எடுப்பார். சாலை அகலமானதும் அதுவரை ஒளிந்திருந்த பயணங்கள் வெளியே வந்துவிடும். அப்புறம் இன்னொன்று: எங்கள் சந்திப்பில் தடத்தைக் கூட்டினால், அடுத்த சந்திப்பின் கழுத்து அதே அளவில்தானே இருக்கும்? வரிசை எங்கள் தாழ்வாரத்திலிருந்து அடுத்த புளோக்காரர் தாழ்வாரத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

சிங்கப்பூரின் நிலத்தில் ஏறக்குறைய 12 விழுக்காட்டைச் சாலைகள் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டன. வீடுகளுக்குப் போவதே 14 விழுக்காடுதான். அதனால்தான் இங்கே அரசாங்கம் சாலையை நீட்டுவதைவிட வண்டியைச் சுருக்குவதில் முனைப்புக் காட்டியது. 1975-இல் நகர மையத்துக்குள் நுழைவதற்குக் கட்டணச் சீட்டு, 1990-இல் சிஓஇ, 1998-இல் ஈஆர்பி என்ற மின்னியல் சாலைக் கட்டணம், 2018 பிப்ரவரியிலிருந்து கார்களின் வளர்ச்சி விகிதம் பூச்சியம். இவற்றில் அறிவியல் ரீதியாக எனக்குப் பிடித்தது ஈஆர்பிதான், பணம் கட்டும்போது பிடிக்காவிட்டாலும். விரைவுச்சாலையில் வேகம் 45 முதல் 65 கிலோமீட்டருக்குள் இருக்கும்படி கட்டணத்தை ஏற்றி இறக்குவார்கள். ஏன் 90 இல்லை? 90-இல் ஓடும்போது கார்கள் அதிக இடைவெளி விடும். சாலை பாதி காலியாக இருப்பதாக அர்த்தம். 20-இல் ஊர்ந்தால் கார்கள் நெருக்கமாக இருந்தும் மணிக்குக் கடப்பவை குறைவு. நடுவில் ஓரிடத்தில்தான் ஒரு தடம் அதிகபட்சக் கார்களைக் கடத்துகிறது. அந்த உச்சியைத் தாண்டிக் கூட்டம் சேர்ந்தால் ஓட்டம் சட்டென்று உடைந்துவிடும். ஜப்பானில் 2008-இல் வெளியான ஒரு சோதனையில், 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஒரே வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, விபத்து இல்லை. கொஞ்ச நேரத்தில் யாரோ லேசாக வேகம் குறைக்க, பின்னால் வந்தவர் கொஞ்சம் கூடுதலாகக் குறைக்க, ஒரு முடிச்சு உருவாகி வட்டத்தில் பின்னோக்கி நகர ஆரம்பித்தது. தீவு விரைவுச்சாலையில் காரணமே இல்லாமல் நின்று, பிறகு காரணமே இல்லாமல் கிளம்பியிருக்கிறீர்களா? அதேதான்.

நெரிசலைவிட எனக்குத் தனிப்பட்ட முறையில் தொல்லை தருவது சத்தம். வீடு வாங்கும்போது உயரமான மாடி அமைதியாக இருக்கும் என்று நினைத்துக் கூடுதல் பணமும் கொடுத்தேன். அது தப்புக் கணக்கு. சாலையை ஒட்டிப் போட்ட தடுப்புச் சுவரும் மரங்களும் இரண்டாம் மாடிக்காரரைக் காப்பாற்றுகின்றன. பத்தாவது மாடியிலிருந்து சாலை நேராகத் தெரிகிறது. கண்ணுக்குத் தெரிகிற சாலை காதுக்கும் கேட்கும். சுவரின் உச்சியில் ஒலி வளைந்து வருவதும் உண்டு. கீச்சென்ற டயர் சத்தத்தைவிட லாரியின் கனத்த உறுமல் எளிதாக வளையும். அதனால்தான் சுவருக்குப் பின்னால் உறுமல் மட்டும் மிஞ்சுகிறது.

டெசிபெல் கணக்கும் நமக்குச் சாதகமாக இல்லை. வண்டிகள் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல்தான். காது அதைப் பெரிதாக உணராது. ‘சத்தம் அப்படியொன்றும் கூடவில்லை’ என்று அறிக்கை எழுத அதிகாரிகளுக்கு இது வசதி. ஆனால் அதே கணக்கு திரும்பியும் அடிக்கிறது: பாதி வண்டிகளை நீக்கினாலும் குறைவது 3 டெசிபெல்தான். சத்தம் பாதியானதுபோல் காதுக்குத் தோன்ற 10 டெசிபெல் குறைய வேண்டும், அதற்குப் பத்தில் ஒன்பது வண்டிகள் போக வேண்டும். மின்சாரக் கார் வந்தால் தீரும் என்பதும் பாதி உண்மைதான். ஏறக்குறைய 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் காரில் எஞ்சினைவிட டயரும் தாரும் உரசும் சத்தமே மேலோங்கும்.

சில நேரம் சாலை, சத்தத்தோடு நிற்பதில்லை. வடக்கு-தெற்குப் பாதை என்ற விரைவுச்சாலைக்காக 2011-இல் ரோச்சோர் சென்டரை இடிக்கக் குறித்தார்கள். தேக்காவிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் இருந்த அந்த வண்ண வண்ணக் கட்டடங்களில் 567 குடும்பங்கள் வசித்தன. இன்று அவை இல்லை. அதே ஆண்டு புக்கிட் பிரவுன் கல்லறையின் ஊடே சாலை அறிவிக்கப்பட்டது. முதலில் 5,000 கல்லறைகள் போகும் என்றார்கள். எதிர்ப்புகள், பேச்சுகள், மறு வடிவமைப்புக்குப் பிறகு 2012-இல் அறிவித்த எண்ணிக்கை 3,746. ஓடையும் விலங்குகளும் கீழே கடக்கட்டும் என்று ஒரு பகுதியைப் பாலமாக உயர்த்தினார்கள். அதுதான் 2018-இல் திறக்கப்பட்ட லோர்னி நெடுஞ்சாலை. போதுமா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. போதாது என்பது என் கட்சி. ஆனால் வரைபடம் அசையாத கல் இல்லை என்பதற்கு அது சான்று. வடக்கு-தெற்குப் பாதையே 2008-இல் வெறும் விரைவுச்சாலையாக அறிவிக்கப்பட்டு, 2016-இல் பேருந்துத் தடமும் சைக்கிள் பாதையும் சேர்ந்த 21.5 கிலோமீட்டர் பாதையாக மாறியது.

கூட்டத்தின் கடைசியில் ஒரு ஆன்டி எழுந்தார். எண்பது வயது இருக்கும். “தம்பி, கார் விஷயம் எனக்குத் தெரியாது. நான் பாதி ரோட்டுல இருக்கும்போதே பச்சை மனுஷன் மின்ன ஆரம்பிச்சுர்றான்” என்றார். அதிகாரி குனிந்து எதையோ குறித்துக்கொண்டார்.

அதையும் கணக்குப் போட்டேன். எங்கள் சாலை 20 மீட்டர் அகலம். விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு 17 விநாடி போதும். ஆன்டியின் நடை 0.8 மீட்டர் என்றால் 25 விநாடி. இடையில் உள்ள 8 விநாடி என்பது ஒரு தடத்துக்கு 4 கார். 2009-லிருந்து சில சந்திப்புகளில் மூத்தோர் தங்கள் சலுகை அட்டையைக் கம்பத்தில் தட்டினால், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடி கூடுதலாகக் கிடைக்கிறது. எங்கள் கம்பத்தில் அந்தக் கருவி போன மாதம்தான் வந்தது. நேற்றுக் காலை தாழ்வாரத்திலிருந்து பார்த்தேன். ஆன்டி அட்டையைத் தட்டினார், நிதானமாகக் கடந்தார், அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து பையைத் தோள் மாற்றிக்கொண்டார். அடுத்த பச்சையில் 10 கார்தான் போனது. பதினோராவது கார் எங்கள் மாடி அங்கிளுடையது.